நெடுந்தீவில் இரண்டு நாள்: சட்டிச் சோறும் நடுத்துண்டு மீனும்

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் பஸ் பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு ஊடாக ஓடி, கடைசியாக நிற்கும் இடம் குறிகட்டுவான். அதற்கு அப்பால் றோட்டு இல்லை, கடல்தான். இறங்குதுறையில் இரண்டு வரிசைகள் நின்றன. ஒன்று நயினாதீவுக்குக் கும்பிடப் போகிறவர்களுடையது. மற்றையது நெடுந்தீவுக்குப் போகும் எங்களுடையது.

என் தங்கச்சியின் மகளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள் கழிந்திருந்தது. தங்கச்சி என்றால் பெரியம்மாவின் மகள். பிள்ளை பார்க்கப் போகும் வழக்கப்படி நானும் ஒரு பால்மாப் பெட்டியும் பெரிய பிஸ்கட் ரின் ஒன்றும் வாங்கிக்கொண்டு படகேறினேன். மாசி மாதமாகையால் கடல் அடங்கிக் கிடந்தது. ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணம்.

படகில் என்னைச் சுற்றி இருந்த சாமான்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பாண் பெட்டிகள், பணிஸ் பைகள், கோதுமை மா, சீனி, சோடாப் போத்தல்கள், ஒரு மூலையில் கொஞ்சம் மரக்கறி. திரும்பி வரும் படகில் இதே இடத்தில் ஐஸ் பெட்டிகளில் மீனும் நண்டும் கணவாயும் இருக்கும். தீவுக்குப் பாணும் பிஸ்கட்டும் போகின்றன. தீவிலிருந்து மீன் வருகிறது. அன்றைக்கு அது எனக்கு ஒரு காட்சியாக மட்டுமே பட்டது. அதன் பொருள் இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது.

என் கைப்பையில் இன்னொரு பொருளும் இருந்தது. யாருக்கும் காட்டாத ஓர் இரத்தப் பரிசோதனைத் துண்டு.

நல்லதெல்லாம் சாப்பிட்டும் ஏறிய சீனி

எனக்கு வயது 54. எட்டு மாதங்களுக்கு முன்னர்தான் நீரிழிவு என்று கண்டுபிடித்தார்கள். வெறும் வயிற்றில் பார்த்த சீனி 168. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.1. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு என்று கணக்கு. மருந்து தந்தார்கள். நானும் அன்றிலிருந்து என் சாப்பாட்டை மாற்றினேன். வெள்ளைச் சோற்றை விட்டேன், குரக்கன் பிட்டுக்கு மாறினேன். சீனியை விட்டேன், தேநீரைப் பனங்கட்டி கடித்துக் குடித்தேன். அயலட்டையில் எல்லோருக்கும் புத்திமதியும் சொன்னேன். அடுத்த பரிசோதனையில் எச்பிஏ1சி 8.9. குறையவில்லை, கூடியிருந்தது!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை கட்டுப்பாடாக இருந்தும் ஏன் இப்படி? யாரோடும் பேசப் பிடிக்காமல்தான் அந்தத் துண்டைப் பையில் மறைத்துக்கொண்டு திரிந்தேன்.

மாவலித்துறையில் இறங்கியதும் தங்கச்சியின் மகன் ஓட்டோவுடன் நின்றான். நெடுந்தீவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே வேலி என்பது பெரும்பாலும் கல்தான். பவளப் பாறைக் கற்களைச் சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்கள். அவற்றுக்குப் பின்னால் பனை. வெளிகளில் மேயும் கட்டையான குதிரைகள். ஒரு வளவைத் தாண்டும்போது பாயில் ஒடியல் காய்ந்துகொண்டிருந்தது. பனங்கிழங்கு கிண்டி, நீளவாக்கில் கிழித்துக் காயவைக்கும் காலம் அது. அந்த மணம் என்னைப் பத்து வயதுக்குக் கொண்டுபோனது.

பெரியம்மா வாசலில் நின்றார். வயது 76. கட்டிப்பிடித்தபோது திடுக்கிட்டேன். கைகள் அப்படி மெலிந்திருந்தன. கிணற்றடியில் பட்டை பட்டையாகத் தண்ணீர் இழுத்த கைகள் அவை.

கூழ் மருந்தில்லை

அன்று பின்னேரம் எனக்காகவே ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். ஒடியல் மாவை முதலில் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை ஊற்றிக் கயர்ப்பை எடுத்தார்கள். பெரிய பானையில் மீன், நண்டு, இறால், பயற்றங்காய், மரவள்ளிக் கிழங்கு, பலாக்கொட்டை, ஒரு பிடி அரிசி. அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் மாவும் கரைத்து விட்டபோது வளவு முழுதும் வாசம். இறக்கும் நேரம் முருங்கையிலை தூவினார்கள். பனையோலைப் பிளா கோலி, சுடச்சுட ஊற்றித் தந்தார்கள்.

நான் மூன்று பிளா குடித்தேன். நாலாவதுக்கு நீட்டியபோது பெரியம்மா கையைப் பிடித்தார்.

"உனக்குச் சீனி வருத்தமெண்டு கேள்விப்பட்டன். என்ன பிள்ளை இவ்வளவும் குடிக்கிறாய்?"

"இது எங்கட பழைய சாப்பாடு தானே பெரியம்மா. கடைச் சாமான் இல்லை. உடம்புக்கு நல்லது."

பெரியம்மா சிரித்தார். "கூழ் மருந்தில்லை மோனை. சாப்பாடு. நாங்கள் விடிய எழும்பித் தண்ணி அள்ளி, விறகு பொறுக்கி, கிழங்கு கிண்டிப்போட்டு இதைக் குடிச்சம். அதுவும் ஆளுக்கு ஒரு பிளா. எட்டுப் பேருக்கு ஒரு பானை. மூண்டு பிளாவுக்கு எங்கை போறது?"

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. கிளினிக்கில் தாதி கேட்ட கேள்வியும் நினைவுக்கு வந்தது. "அம்மா, குரக்கன் பிட்டு நல்லது. எத்தனை நீத்துப்பெட்டி?" அன்று நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். பதில் ஒன்றரை! சோறென்றால் அளந்து போடுகிறவள், குரக்கன் என்றவுடன் அளவை மறந்துவிட்டேன்.

குரக்கன் நல்ல தானியம் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு, நார்ச்சத்தும் உண்டு. ஆனால் அதே 100 கிராமில் மாச்சத்து ஏறத்தாழ 70 கிராம் இருக்கிறது. அரிசியில் அது 78 அளவு. வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டு மடங்கு சாப்பிட்டால் நன்மை எங்கே போகும்? பனங்கட்டி கதையும் அதுதான். நிறத்தாலும் மணத்தாலும் வேறு. ஆனால் அதன் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்குரோசு. நாளுக்கு ஐந்து தேநீருக்கு ஐந்து துண்டு கடித்த நான் சீனியை விடவில்லை, அதன் சட்டையை மாற்றினேன்.

அன்றிரவு திண்ணையில் படுத்துக்கொண்டு என் சாப்பாட்டின் வரலாற்றை யோசித்துப் பார்த்தேன். சின்ன வயதில் ஒடியலும் மீனும் கீரையும். திருமணமாகி யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு. அதன்பின் நிவாரணமாகக் கிடைத்த கோதுமை மா, சீனி, பருப்பு. அந்த மாதான் அன்று எங்கள் உயிரைக் காத்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இடப்பெயர்வு முடிந்தும் மா முடியவில்லை. இரவில் றொட்டி, காலையில் அவித்த மாப் பிட்டு, அவசரத்துக்குப் பாண். பஞ்சத்துக்கு வந்த விருந்தாளி வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இதற்கிடையில் தண்ணீர் குழாயில் வந்தது, விறகு காஸ் ஆனது, நான் கதிரையில் இருந்து வேலை செய்தேன். உடம்பின் செலவு குறைந்தது. வரவு குறையவில்லை.

பச்சை உடம்பும் ஒரு செம்பு தண்ணீரும்

மறுநாள் காலை குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு மகளுடன் கதைத்தேன். அவளுக்கு 27 வயது. முகம் வெளிறி, உதடு காய்ந்திருந்தது. எழும்பினால் தலை சுற்றுகிறது என்றாள்.

அவளுக்குப் பத்தியச் சாப்பாடு குறைவில்லாமல் நடந்தது. உள்ளி, மிளகு, சீரகம், மல்லி அரைத்த சரக்குக் கறி. பால் சுரக்கச் சுறாப் புட்டு. எங்கள் பாட்டிமார் இந்த விடயத்தில் கெட்டிக்காரிகள். பெற்றவளுக்கு மீன் வேண்டும் என்று புத்தகம் இல்லாமலே அறிந்திருந்தார்கள். ஆனால் கீரை குளிர் என்று இல்லை. பழம் மாந்தம் என்று இல்லை. தண்ணீர் குடித்தால் வயிறு தள்ளும் என்று, நாளுக்கு இரண்டு மூன்று கோப்பைச் சுடுதண்ணீர்தான்.

"இரும்புச்சத்துக் குளிசை போடுறியோ?" என்று கேட்டேன். மெல்ல அலுமாரியைக் காட்டினாள். முழு அட்டையும் அப்படியே கிடந்தது. "சூடு பெரியம்மா. வயித்தால போகுதில்லை."

சங்கிலி விளங்கியது. இரும்புச்சத்துக் குளிசை சிலருக்கு மலச்சிக்கலைத் தரும். தண்ணீரும் இல்லை, கீரையும் பழமும் இல்லை என்றால் அது இரட்டிப்பாகும். அதனால் குளிசையை நிறுத்துகிறாள். நிறுத்த இரத்தம் ஏறாது. இரத்தம் ஏறாவிட்டால் தலை சுற்றும். தலை சுற்றினால் "பச்சை உடம்பு, பத்தியம் போதாது" என்று இன்னும் இறுக்குகிறார்கள். இத்தனைக்கும் அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக வேண்டும். தாகத்துக்குத் தண்ணீரும் வேண்டும்.

பெரியம்மா இருக்கும் வீட்டில் இதை எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கித்தான் தொடங்கினேன். பெரியம்மா குறுக்கே பேசவில்லை. நெடுநேரம் கழித்துச் சொன்னார்.

"எனக்கு இளையவள் ஒருத்தி இருந்தவள், உனக்குத் தெரியாது. நீ பிறக்க முந்தி. பிள்ளை பெத்துப் பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். என்ன வருத்தமெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. தண்ணி தண்ணியெண்டு கேட்டவள். பச்சை உடம்பெண்டு ஆச்சி குடுக்க விடேல்லை. நான்தான் பக்கத்திலை இருந்தனான்."

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. எழும்பிப் போய், ஒரு செம்பு கொதித்தாறின தண்ணீர் கொண்டுவந்து பேத்தியின் தலைமாட்டில் வைத்தார்.

அன்று பகல் முருங்கையிலை வறை அவளுடைய கோப்பையிலும் விழுந்தது. குளிசையைத் தேநீருடன் போடக்கூடாது, தேநீரில் உள்ள சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது, தேசிக்காய்த் தண்ணீருடன் போட்டால் நன்றாகச் சேரும், கல்சியக் குளிசையை வேறு நேரத்துக்கு வைக்கவேண்டும் என்பவற்றைச் சொல்லிக் கொடுத்தேன். தலைச்சுற்றலை மறைக்காமல், வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி இரத்தம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன்.

சட்டிச் சோறு

மத்தியானம் நல்ல விளைமீன் குழம்பு. நடுத்துண்டுகள் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் எனக்கும் வந்தன. விருந்தாளி என்பதால் எனக்கு இரண்டு. எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பின் குசினிக்குள் போனேன். தங்கச்சி அடுப்படியில் குந்தி இருந்து, குழம்புச் சட்டிக்குள் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சட்டிச் சோறு! எங்களில் யாருக்குத்தான் அது தெரியாது? அம்மாமார் பிரட்டி உருட்டித் தந்த அந்த உருண்டையின் ருசிக்கு ஈடு ஏது? ஆனால் அன்று நான் சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மீன் இல்லை. வறை முடிந்திருந்தது. மிஞ்சிய சோறு முழுவதும் இருந்தது. சட்டியில் ஒட்டியிருந்த எண்ணெய், உப்பு, புளி, தேங்காய்ப்பால் எல்லாம் இருந்தன. பிள்ளைகள் மிச்சம் வைத்த சோறும் அதற்குள் போனது. "எறியிறதே அக்கா? அநியாயம்."

அவளுக்கு 49 வயது. மாதவிடாய் நிற்கப்போகும் காலம். எடை ஏறியிருக்கிறது, பிறஷர் இருக்கிறது. "கொலஸ்ரோலுக்குப் பயந்து முட்டையை விட்டிட்டன், நான் ஒண்டும் சாப்பிடுறேல்லை, ஏன் கொழுக்கிறன் எண்டு விளங்கேல்லை" என்று முதல் நாள் என்னிடம் கவலைப்பட்டவள். அவள் பொய் சொல்லவில்லை. தனக்கென்று அவள் ஒன்றும் சாப்பிடுவதில்லை. மற்றவர்களின் மிச்சத்தைத்தான் சாப்பிடுகிறாள். மிச்சத்தில் மிஞ்சுவது சோறும் உப்பும் எண்ணெயும். முதலில் முடிவது மீனும் மரக்கறியும்.

பெரியம்மாவின் கோப்பையைப் பற்றியும் விசாரித்தேன். காலையில் தேநீரும் பிஸ்கட்டும். பகலில் கொஞ்சம் சோறும் சொதியும். இரவில் பாண் தோய்த்துத் தேநீர். மீன்? "கிழவிக்கு ஏன் மோனை மீன்? வளர்ற பிள்ளையள் தின்னட்டும்." போன மழைக்காலத்தில் அவர் கிணற்றடியில் இரண்டு தரம் விழுந்தார் என்பதைத் தங்கச்சி அப்போதுதான் சொன்னாள்.

வயது போகப் போகச் சாப்பாடு குறைவது இயல்பு. ஆனால் புரதம் குறையக்கூடாது. முதுமையில் தசை தானாகவே கரைகிறது. மாதவிடாய் நின்ற பின் எலும்பும் தேய்கிறது. மெலிந்த காலும் தேய்ந்த எலும்பும் சேர்ந்தால் ஒரு வழுக்கலே போதும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும் என்பது முதியவர்களுக்கான பொதுக்கணக்கு. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டு நடக்க வேண்டும். 45 கிலோ இருக்கும் பெரியம்மாவுக்கு அது 45 கிராம். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கும். பிஸ்கட்டில் அது எங்கே?

அப்போதுதான் படகில் கண்ட காட்சி எனக்கு விளங்கியது. கடலுக்கு நடுவே உள்ள ஒரு தீவில், மீன் மணக்கும் ஒரு வீட்டில், மீன் கிடைக்காத இரண்டு பெண்கள் இருந்தார்கள். யாரும் அவர்களுக்கு மறுக்கவில்லை. ஒருத்தி அன்பினால் விட்டாள், மற்றவர் வயதினால் விட்டார். நான் கொண்டுவந்த பிஸ்கட் ரின் குசினித் தட்டில் இருந்து என்னைப் பார்த்தது.

இரவுச் சாப்பாடு

அன்றிரவு நான் ஒரு சின்ன வேலை செய்தேன். சமைத்து இறக்கியவுடன், ஒருவருக்கும் பரிமாற முதல், மூன்று கோப்பைகளை எடுத்து வைத்தேன். பெரியம்மாவுக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று, பெற்றவளுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு நடுத்துண்டு மீன், பாதிக் கோப்பைக்குக் கீரையும் மரக்கறியும், மிச்ச இடத்துக்குச் சோறு. மூடி வைத்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டேன். எனக்கும் அதே அளவில் ஒன்று. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. "இதை முந்தியே செய்திருக்கலாமே" என்றுதான் கேட்டார். எவ்வளவோ காலமாக யாரும் தடுக்காத ஒரு கதவை நாங்களே பூட்டிவைத்திருந்தோம்.

பெரியம்மா மீனைப் பிய்த்துப் பிள்ளைகளின் பக்கம் தள்ளப் பார்த்தார். "விழுந்து இடுப்பை முறிச்சால் ஆரை இங்கையிருந்து படகிலை கொண்டு போறது?" என்றேன். சிரித்துக்கொண்டு சாப்பிட்டார். கையில் இருந்த துண்டைக் காட்டி, "கன காலம்" என்றார்.

படுக்கப் போகும்போது கைப்பையில் இருந்த பரிசோதனைத் துண்டை எடுத்துத் தங்கச்சிக்குக் காட்டினேன். மறைத்து வைத்திருந்ததை ஒருத்திக்குக் காட்டியபோதே பாதிப் பாரம் இறங்கியது. அவளும் தன் பிறஷர் குளிசையை இடைக்கிடை விடுவதாக ஒப்புக்கொண்டாள்.

வாசகிகளுக்கு ஒரு வார்த்தை

சகோதரிகளே, எந்தச் சாப்பாடு நல்லது, எது கூடாது என்று நாங்கள் நிறையக் கேட்கிறோம். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. என் கோப்பைக்குள் என்ன வருகிறது, எவ்வளவு வருகிறது? பெற்றவளுக்கு வேண்டியது ஐம்பது வயதுக்காரிக்கு வேண்டியதல்ல. ஐம்பதில் குறைக்க வேண்டிய சோற்றை எழுபதில் கண்மூடித்தனமாகக் குறைத்து, கூடவே மீனையும் குறைத்தால் நடக்க முடியாமல் போகும். உப்பு எந்த வயதிலும் நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்கு, அதாவது 5 கிராமுக்கு, உள்ளே இருக்கட்டும். கருவாடும் ஊறுகாயும் அதற்குள் அடக்கம். சட்டிச் சோறு ஆசைக்கு ஒரு பிடி போதும்.

35 வயதைத் தாண்டியவர்கள் உங்கள் பகுதிச் சுகவனிதையர் நிலையத்துக்கு ஒரு தரம் போய் வாருங்கள். பிறஷரும் சீனியும் அங்கே பார்ப்பார்கள். என்னைப்போல் 54 வயது மட்டும் காத்திருக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் விடியக் கிளம்பினேன். பெரியம்மா வழக்கம்போல ஒரு குட்டான் பனங்கட்டி தந்தார். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. கொண்டுவந்து, பக்கத்து வீடுகளுக்குப் பகிர்ந்து, ஒரு துண்டை மட்டும் எனக்கு வைத்துக்கொண்டேன். மூன்று மாதங்களுக்குப் பின் எடுத்த பரிசோதனையில் எச்பிஏ1சி 7.4. இன்னும் குறைய வேண்டும். மருந்து, நடை, அளவு மூன்றும் தொடர்கின்றன. மகளுக்கும் இரத்தம் ஏறிவிட்டதாம், பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா தொலைபேசி எடுப்பார். முன்னர் என்றால் "சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்பார். இப்போது கேள்வி மாறிவிட்டது.

"எவ்வளவு சாப்பிட்டனி?"

நானும் விடுவதில்லை. "நீங்கள் மீன் சாப்பிட்டனீங்களோ?"

"ஓம் மோனை, ஓம். நடுத்துண்டு."